பாதி அடைத்த குழாய்

“தண்ணி இவ்வளவு வேகமா வருது, தொட்டி நிறைய மட்டும் ஏன்டா இவ்வளவு நேரம்? குழாயைத் திறந்து விட்டுட்டு ஆளாளுக்குக் கதை பேசறீங்களா?”

சாயப்பட்டறையின் இரும்புக் கதவுக்குள் காலை வைத்ததும் காதில் விழுந்த முதல் வசவு இது. தொட்டியோரம் நின்ற வேலையாட்களுக்கு உரியது. வந்தவர்களுக்கு உரிய வசவு இன்னும் அடுப்பில் இருந்தது.

வந்தவர்கள் இரண்டு பேர். முன்னால் நடந்த அம்மாவை ஊர் ‘கறார்’ என்று கூப்பிடும். துப்பறிவது தொழில், சிரிப்பது அபூர்வம். பின்னால் தொப்பையும் தோள்பையுமாக வந்த உதவியாளருக்கு ‘ஓட்டைவாய்’ என்று பெயர் விழுந்து வெகுகாலம் ஆயிற்று. துப்பறியும் தொழிலில் இருந்துகொண்டு வாயைக் கட்டத் தெரியாத மனிதரை வேறு எப்படித்தான் கூப்பிடுவது? ஐம்பதை நெருங்குகிற வயது. கல்யாணத்துக்கு நிற்கும் இரண்டு பெண்கள். இந்த வேலையை விட்டால் வேறு எங்கும் தன் வாயைச் சகித்துக்கொள்ள மாட்டார்கள் என்பது அவருக்கே தெரியும்.

“வரவேற்பு பலமா இருக்கு மேடம்” என்றார் ஓட்டைவாய்.

கறார் நின்றுவிட்டார். “அந்த ஆள் இப்ப என்ன சொல்லித் திட்டினான்?”

“சோம்பேறிங்கன்னு திட்டினான். முதலாளின்னா வேற என்ன சொல்லுவான்?”

“வார்த்தை மாறாம சொல்லு.”

“தண்ணி வேகமா வருது, தொட்டி நிறைய ஏன் நேரமாகுதுன்னு கேட்டான்.”

“ஒரே குழாய். தண்ணி வேகமாவும் வருது, தொட்டி மெதுவாவும் நிறையுது. எப்படிய்யா?”

ஓட்டைவாய் குழாயை அண்ணாந்து பார்த்துத் தலையைச் சொறிந்தார். 

விஷயம் இதுதான். இந்தப் பட்டறையின் பெரியவரைப் போன வாரம் அவருடைய அறையிலேயே யாரோ குத்திக் கொன்றுவிட்டார்கள். நெஞ்சில் ஒரே குத்து, குறுகலான ஆழமான காயம். வெளிக்கதவு அப்போது பூட்டியிருந்தது. உள்ளே இருந்த ஒருவரும் வெளியே போகவில்லை, போலீஸ் வந்து ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் விட்டது. குத்திய ஆயுதம் மட்டும் கிடைக்கவே இல்லை. அன்றைக்குக் காலையில் பெரியவரின் மகளைக் கட்டியவன் குழாய் பழுது பார்க்க வந்திருக்கிறான். குழாய் ஃபிட்டர். வீட்டை எதிர்த்து நடந்த கல்யாணம். மாமனாருக்கும் மருமகனுக்கும் அறைக்குள் வாய்த்தகராறு முற்றி, பட்டறை முழுக்கக் கேட்டிருக்கிறது. அப்புறம் என்ன, போலீஸுக்கு வேலை சுலபமாகிவிட்டது. இன்று மதியம் அவனைக் கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள். ஆயுதம் கிடைக்காதவரைக்கும் வழக்கு நொண்டும், ஜாமீனாவது கிடைக்கும் என்று வக்கீல் சொன்ன ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அந்த மகள் கறாரிடம் வந்து அழுதிருந்தாள்.

இப்போது அவள் தொட்டிக்கு அந்தப்பக்கம் நின்றிருந்தாள். பிறந்த வீட்டுப் பட்டறையிலேயே அவளுக்கு உட்கார ஒரு ஸ்டூல் போட ஆளில்லை.

திட்டிக்கொண்டிருந்தவன் அவளுடைய அண்ணன். வந்தவர்களைப் பார்த்ததும் அடுப்பில் இருந்ததை இறக்கிவிட்டான்.

“எங்கப்பனைக் கொன்னவனுக்கு வக்காலத்து வாங்க வந்தவங்கதானே நீங்க? வெளிய போங்க.”

“வக்காலத்து வக்கீல் வாங்குவார் சார்” என்றார் ஓட்டைவாய். “நாங்க வம்பைத்தான் விலைக்கு வாங்குவோம்.”

“நக்கலா? கழுத்தைப் பிடிச்சுத் தள்ளட்டுமா?”

“அண்ணா, அவங்களைக் கூப்பிட்டது நான்” என்றாள் தங்கை.

“பைப்புக்காரனையும் நீதானே கூட்டிட்டு வந்த? அவன் பண்ணின கைங்கரியம் பத்தாதா? இவங்க வேற வந்து மிச்சத்தைப் பண்ணணுமா?”

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. அதைப் பார்த்து ஓட்டைவாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் பெண்ணை ஒருத்தன் இப்படிப் பேசினால் என்ன செய்வோம் என்று நினைத்துக் கையை முறுக்கினார். கறார் திரும்பாமலே, “சும்மா இரு” என்றார்.

நிழலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த இன்ஸ்பெக்டருக்கு இந்தச் சண்டை பொழுதுபோக்காக இருந்தது. அண்ணனிடம் கடைசியாக ஒரு வாக்குமூலம் வாங்க வந்தவர் அவர்.

“என்ன மேடம், இன்னிக்கு எதை மோப்பம் பிடிக்கப் போறீங்க?”

“அந்தக் குழாயை அளக்கணும். கொஞ்ச நேரம் போதும்.”

“குழாயையா?” இன்ஸ்பெக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். “அளக்கட்டும் விடுங்க சார். குழாய்லேர்ந்து கத்தியா கொட்டப்போகுது?”

அந்தப் பட்டறையில் மனுஷத்தன்மையோடு பேசியவர் ஒரே ஒருவர்தான். கலர் மாஸ்டர். எந்தச் சாயத்தை எவ்வளவு கலக்க வேண்டும், துணி எந்த நிறத்துக்கு வந்ததும் தொட்டியிலிருந்து எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கண்தான் முடிவு செய்யும். முழங்கை வரைக்கும் நீலம் ஏறிய கைகளோடு வந்து, கறாருக்கு ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அண்ணனும் தங்கையும் அவரை ‘மாஸ்டர் மாமா’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

“கேளுங்கம்மா, என்ன வேணுமோ நான் எடுத்துத் தர்றேன். ஆனா அந்தக் குழாய்ல அடைப்பெல்லாம் இருக்க வாய்ப்பே இல்ல. முன்னைவிட வேகமாத்தான் தண்ணி வருது. நானே கவனிச்சேன்.”

“ஒரு காலி பீப்பாய் வேணும். ஒரு டேப் வேணும்” என்றார் கறார்.

குழாய் மேல்தொட்டியிலிருந்து வருகிறது. மூன்று இஞ்ச் அகலம். சுவரிலிருந்து படுக்கைவாட்டில் நீட்டிக்கொண்டு, ஆள் உயரத்துக்கும் மேலே தொட்டியை எட்டிப்பார்த்தபடி நிற்கிறது. மண்ணும் துருவும் துணியில் விழாமல் இருக்க வாயில் ஒரு சல்லடை மூடி. எட்டிப் பார்த்தாலும் உள்ளே எதுவும் தெரியாது. தொட்டியை வடியவிட்டு, சாயப்பொடி வந்த இருநூறு லிட்டர் பீப்பாயை மாஸ்டரும் ஓட்டைவாயும் அதற்குள் இறக்கினார்கள். தொட்டியின் தரையில் தண்ணீர் விழுந்து விழுந்து தேய்ந்த இடம் ஒன்று வழவழவென்று இருந்தது. வால்வைத் திறந்தபோது தண்ணீர் அந்த இடத்தைத் தாண்டிப் போய் விழுந்தது. கறார் அதைப் பார்த்தார், பீப்பாயைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளச் சொன்னார்.

“குழாய் வாய்லேர்ந்து பீப்பாய் வாய்க்கு நேர் கீழ எவ்வளவு?”

மாஸ்டர் டேப்பைப் பிடித்திருந்தார். “நீங்களே பாத்துச் சொல்லுங்க தம்பி” என்று ஓட்டைவாயிடம் நீட்டினார். தம்பி என்று கூப்பிட்டதில் ஓட்டைவாய்க்குப் பத்து வயது குறைந்துபோயிற்று.

“நாலடி மேடம்.”

“தண்ணி முன்னாடி தள்ளிப் போறது?”

“ரெண்டரை அடி.”

“நாலடி உயரத்துலேர்ந்து எது விழுந்தாலும் கீழ வர அரை செகண்ட். கல்லா இருந்தாலும் சரி, தண்ணியா இருந்தாலும் சரி.”

“நானா இருந்தாலும்?”

“சத்தம் மட்டும் கூட வரும். அந்த அரை செகண்டுல தண்ணி ரெண்டரை அடி முன்னாடி போயிருக்கு. அப்ப ஒரு செகண்டுக்கு?”

“அஞ்சடி.”

“அதான் வேகம். மூணு இஞ்ச் வாய் முழுசாத் திறந்திருந்து, செகண்டுக்கு அஞ்சடி தண்ணி ஓடினா, இந்தப் பீப்பாய் அரை நிமிஷத்துல நிறையணும். ஓடவிட்டுக் கடிகாரத்தைப் பாரு.”

பார்த்தார். அரை நிமிடம் ஆனபோது பீப்பாயில் பாதிதான் இருந்தது. முழுக்க நிறைந்து வழிய ஒரு நிமிடம் பிடித்தது. மாஸ்டர் வால்வை மூடினார்.

“இதுல என்ன இருக்கு?” என்றான் அண்ணன். “பழைய குழாய். மெதுவாத்தான் நிறையும்.”

“மெதுவா வந்தா தண்ணி காலடியிலதானே விழணும்? தள்ளிப் போய் விழுதே.” கறார் ஓட்டைவாய் பக்கம் திரும்பினார். “ரப்பர் குழாயில செடிக்குத் தண்ணி விடறப்ப, வாயைக் கட்டைவிரலால அமுக்கினா என்ன ஆகும்?”

“தண்ணி பிச்சுக்கிட்டு எதிர்வீட்டு ஜன்னல் வரைக்கும் போகும். எதிர்வீட்டம்மா குரல் நம்ம வீட்டுக்கு வரும்.”

“வாளி சீக்கிரம் நிறையுமா?”

 ஓட்டைவாய்க்கு விஷயம் விளங்கிவிட்டது. “நிறையாது. வேகம்தான் ஜாஸ்தி. தண்ணி கம்மி.”

“வேகமா வருதுன்னா நிறைய வருதுன்னு நினைச்சுக்கறோம். இந்தப் பட்டறையில எல்லாரும் அப்படித்தான் நினைச்சீங்க. வேகத்துக்கும் பீப்பாய்க்கும் கணக்கு ஒத்து வரணும்னா, குழாய் வாய்ல பாதி இடம் அடைஞ்சிருக்கணும். உள்ள ஏதோ இருக்கு. மூடியைக் கழட்டு.”

தங்கை ஓடி வந்து தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். ஸ்டூலைப் போட்டு ஓட்டைவாய் ஏறினார். தொப்பை சுவரில் முட்டியது. சல்லடை மூடி கையாலேயே திருகு விட்டது. “குடுங்க தம்பி, கீழ விழுந்து நசுங்கிடும்” என்று மாஸ்டர் அதை வாங்கி, பக்கத்தில் இருந்த தண்ணீர் வாளிக்குள் போட்டார்.

அடுத்த நொடி குழாயிலிருந்து ஒன்று வழுக்கிக்கொண்டு வந்து தொட்டித் தரையில் கணீரென்று விழுந்தது.

ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவர். மொத்தமான மரப்பிடி. பிடியின் மேல் இறுக்கிச் சுற்றிய துணி.

 தங்கைதான் முதலில் பேசினாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

“அது அவரோடது. கை வழுக்குதுன்னு சொன்னார். நான்தான் வெள்ளைத்துணி சுத்திக் குடுத்தேன்.” வாயைப் பொத்திக்கொண்டு ஓர் அடி பின்னால் போனாள். “பாவி. அடப் பாவி, எங்கப்பாவைப் போயி...”

அண்ணன் கைகொட்டிச் சிரித்தான். அழுகையும் ஆத்திரமும் கலந்த சிரிப்பு அது. “கேட்டீங்களா இன்ஸ்பெக்டர்? பொண்டாட்டியே சொல்லிட்டா! குழாய்ல ஒளிக்கணும்னு பைப்புக்காரனைத் தவிர எவனுக்குத் தோணும்?”

“மேடம், ரொம்ப நன்றி” என்றார் இன்ஸ்பெக்டர், கைக்குட்டையால் ஆயுதத்தைத் தூக்கியபடி. “நாங்க வாரம் பூரா தேடினதை நீங்க கணக்குப் போட்டே எடுத்துக் குடுத்துட்டீங்க. கோர்ட்டுல உங்க பேரைச் சொல்றேன்.”

“பிடியில சுத்தின துணி நீலமா இருக்கே” என்றார் கறார்.

“சாயப்பட்டறை மேடம். இங்க நாய்கூட நீலமாத்தான் இருக்கும்.”

தங்கை கறாரின் முன்னால் வந்து நின்றாள். அழுகை நின்று, கண்ணில் வெறுப்பு மட்டும் இருந்தது. “அவரைக் காப்பாத்தத்தானே உங்களைக் கூப்பிட்டேன்? நீங்க வராமலே இருந்திருந்தா அவர் ஜாமீன்ல வந்திருப்பார். நான் எதுவும் தெரியாமலே இருந்திருப்பேன். போங்க, என் கண் முன்னாடி நிக்காதீங்க.”

ஓட்டைவாய் தலையைக் குனிந்துகொண்டார். கூலி கொடுத்துக் கூப்பிட்டவளின் புருஷன் கழுத்திலேயே கயிற்றைப் போட்டாகிவிட்டது. இந்தத் தொழிலில் இத்தனை வருடமும் பட்ட அவமானங்களையெல்லாம் சேர்த்து வைத்தாலும் இதற்கு ஈடாகாது என்று தோன்றியது.

“போலாம் மேடம்” என்றார் மெல்ல.

கறார் நகரவில்லை. இன்ஸ்பெக்டரோ வெற்றியை ஊற வைத்துச் சுவைக்கிற மனிதர். டேப்பை எடுத்துப் பிடியின் மேல் வைத்தார். “உங்க திருப்திக்கு அளந்தே பாத்துடலாம். துணியோட சேத்து ஒன்றரை இஞ்ச். குழாய் மூணு இஞ்ச். பாதிக்குப் பாதி! நீங்க பாதி அடைஞ்சிருக்குன்னு சொன்னீங்க, சரியா பாதி. கணக்கு டாண்ணு வந்துடுச்சு.”

“ஆமா, வந்துடுச்சு” என்றார் ஓட்டைவாய், அழாத குறையாக.

“எது பாதி?” என்றார் கறார்.

“மூணுல பாதி ஒன்றரை. என்ன மேடம், இதுக்குக்கூடவா விரல் விடணும்?”

கறார் எழுந்து சாயப்பொடி வைக்கும் அலமாரிக்குப் போனார். இரண்டு காலி டப்பாக்களை எடுத்து வந்து இன்ஸ்பெக்டரின் நாற்காலியிலேயே வைத்தார். ஒன்று பெரியது, ஒன்று சின்னது, உயரம் மட்டும் ஒன்று.

“சின்னது அகலத்துல பெருசுல சரிபாதி. அளந்துக்கங்க. சின்ன டப்பாவால எத்தனை தடவை தண்ணி மொண்டு ஊத்தினா பெருசு நிறையும்?”

“ரெண்டு தடவை. யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.”

“ஊத்துய்யா.”

ஓட்டைவாய் ஊற்றினார். இரண்டு தடவைக்குப் பெரிய டப்பா பாதிதான் நிறைந்தது. மூன்றாவதாக ஊற்றினார். இன்ஸ்பெக்டர் குனிந்து எட்டிப் பார்த்தார். நான்காவது தடவைதான் தண்ணீர் விளிம்பைத் தொட்டது.

“அகலம் பாதியானா இடம் பாதியாகாது” என்றார் கறார். “காலாத்தான் ஆகும். இந்தப் பிடி குழாய் வாய்ல கால் பங்கைத்தான் அடைச்சிருந்தது. பீப்பாய் சொன்னது பாதி. மிச்சக் கால் பங்கை அடைச்சது எது?”

 ஓட்டைவாய் ஸ்டூலில் மறுபடி ஏறிக் குழாய்க்குள் கையை விட்டுத் துழாவினார். ஒன்றுமில்லை. வால்வைத் திறந்து பார்த்தார்கள். தண்ணீர் பழையபடி அந்த வழவழப்பான இடத்திலேயே வந்து விழுந்தது. குழாய் சுத்தமாக இருந்தது.

“பாத்தாச்சா?” என்றான் அண்ணன். “உங்க கணக்குல ஓட்டை. கிளம்புங்க.”

“குழாய்ல இல்லைன்னா மூடியில இருக்கணும்” என்றார் கறார். “மூடி எங்க?”

மூடி கிடந்த வாளி மாஸ்டரின் கையில் இருந்தது. எல்லோரும் வழியில் தட்டுத்தடுமாறுகிறார்கள் என்று கருதியோ என்னவோ, சாக்கடைப் பக்கம் தூக்கிக்கொண்டு போய்ச் சாய்க்கப் போனார். ஓட்டைவாய் தன் உடம்பு இத்தனை வேகமாக ஓடும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டார். ஓடிப்போய் வாளியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தார். சட்டை நனைந்தது.

“ஊத்திடாதீங்க மாஸ்டர். காலையில குளிக்காம வந்துட்டேன்.”

“சும்மா தண்ணி தம்பி, வேற ஒண்ணுமில்ல. நீங்களே பாருங்க.”

பார்த்தார்கள். வாளிக்குள் தண்ணீரும் மூடியும்தான். கறார் மூடியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். சல்லடைக் கம்பியும் ஈரமும் தவிர ஒன்றும் இல்லை. பிறகு ஒரு விரலால் கம்பியின் உள்பக்கத்தை மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார். விரல் ஓரிடத்தில் நின்றது. நகத்தைக் கொடுத்து நெம்பினார். எதுவுமே இல்லாத இடத்திலிருந்து எதையோ பிரித்தெடுத்து, முந்தானையில் துடைத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

வட்டமான கண்ணாடி. மூக்குக்கண்ணாடியின் ஒற்றை வில்லை. அகலம் ஒன்றரை இஞ்ச்.

“கண்ணாடி தண்ணிக்குள்ள கிடந்தா கண்ணுக்குத் தெரியாது. மூடியை வாளித் தண்ணியில போட்டவருக்கு அது தெரிஞ்சிருக்கு” என்றார் கறார். “இந்தப் பட்டறையில மூக்குக்கண்ணாடி போடறது யாரு?”

“எவனும் கிடையாது” என்றான் அண்ணன். அவன் குரலில் சுருதி இறங்கியிருந்தது. “அப்பாகூடப் போடமாட்டார்.”

“வெளிய தெரியப் போடறவர் யாரும் இல்ல. சரி. நான் குழாயை அளக்கணும்னுதான் சொன்னேன். அடைப்புங்கற பேச்சை முதல்ல எடுத்தது மாஸ்டர். டேப்பைப் படிக்காம அடுத்தவர்கிட்ட குடுத்ததும் மாஸ்டர். மூடியை வாளியில போட்டதும், இப்ப வாளியைக் கவுக்கப் போனதும் மாஸ்டர். இன்ஸ்பெக்டர், பெரியவர் செத்ததுலேர்ந்து இந்த கேட்டைத் தாண்டற எல்லாரையும் உங்க ஆள் தடவித்தானே விடறார்? அப்ப இந்த வில்லைக்கு உண்டான கண்ணாடிச் சட்டம் இன்னும் உள்ளதான் இருக்கணும்.”

“சட்டத்தை எங்கேயாவது புதைச்சிருப்பான்” என்றார் இன்ஸ்பெக்டர். ‘மேடம்’ என்று இழுக்கும் பழைய ராகம் காணாமல் போயிருந்தது.

“புதைக்க முடியாது. அது இல்லாம அவரால சாயம் நிறுக்கற தராசு முள்ளைப் படிக்க முடியாது. ஒரு கண்ணுக்காவது வேணும்.”

இன்ஸ்பெக்டர் மாஸ்டரின் சட்டைக்குள் கையை விட்டார். பனியனுக்குள் தைத்த பையிலிருந்து, ஒரு பக்கம் மட்டும் வில்லை உள்ள மூக்குக்கண்ணாடி வெளியே வந்தது.

மாஸ்டர் மறுக்கவில்லை. அதுவரை இருந்த பணிவு கழன்று விழுந்து, உள்ளிருந்த மனிதர் தெரிந்தார்.

“கண்ணாடி போட்டுத் தராசு பாக்கறதை இவங்கப்பன் பாத்துட்டு உள்ள கூப்பிட்டான். கண்ணு போன மாஸ்டர் எனக்கு எதுக்கு, இன்னிக்கே கிளம்புன்னான். கெஞ்சினேன். கன்னத்துல அறைஞ்சான், வில்லை தெறிச்சு விழுந்தது. மேஜையில அந்தப் பைப்புக்காரன் விட்டுட்டுப் போன ஸ்க்ரூ டிரைவர் கிடந்தது. அதை அங்கேயே போட்டுட்டு வந்திருந்தா அவன் பேருக்கே போயிருக்கும். ஆனா வெள்ளைத்துணியில என் கை நீலம் அப்படியே அஞ்சு விரலும் ஏறிடுச்சு. கெட்டிச் சாயம். நான் கலந்தது. எத்தனை தண்ணி ஓடினாலும் போகாது. அதான் அதையும் தெறிச்ச வில்லையையும் குழாய்க்குள்ள போட்டு மூடினேன்.” காறித் துப்பினார். “என் கையால இந்தப் பட்டறையை வளத்தேன். நாயை விரட்டற மாதிரி விரட்டினான். செத்தான்.”

“மாமான்னு கூப்பிட்டோமேடா!” அண்ணன் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தான். இன்ஸ்பெக்டர் அவனைப் பிய்த்துத் தள்ளவேண்டியிருந்தது.

மாஸ்டரை ஜீப்பில் ஏற்றினார்கள். இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். கறாரின் முகத்தைப் பார்க்காமலே, போனைத் தங்கையிடம் நீட்டினார். “உங்க வீட்டுக்காரர் லைன்ல இருக்கார். பேசுங்க.”

அவள் வாங்கிக் காதில் வைத்தாள். அந்தப் பக்கத்துக் குரல் பக்கத்தில் நின்ற ஓட்டைவாய்க்கும் கேட்டது. அடி வாங்கி வாங்கித் தடித்துப்போன குரல்.

“எல்லாரும் நான்தான் பண்ணினேன்னு சொன்னாங்க. நீ ஒருத்தியாவது நம்பலை இல்ல?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அங்கே இருந்த எல்லோருக்கும் அவள் சொன்ன ‘பாவி’ என்ற சொல் கேட்டிருந்தது. அண்ணன் உதட்டைக் கோணிக்கொண்டு, என்ன சொல்லப்போகிறாள் பார்ப்போம் என்று நின்றான். ஒரு பொய் சொல்லிவிடு தாயே என்று ஓட்டைவாய் மனசுக்குள் கெஞ்சினார். அவராக இருந்தால் ஒன்பது சொல்லியிருப்பார்.

“நம்பிட்டேங்க” என்றாள் அவள். “கொஞ்ச நேரம் நம்பிட்டேன். பாவின்னுகூடச் சொல்லிட்டேன். நீங்க என்ன வேணா சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போனை வைத்துவிட்டானோ என்று எல்லோருமே நினைத்தார்கள். அவள் மட்டும் காதிலிருந்து எடுக்கவில்லை.

“சரி” என்றது குரல் கடைசியில். “வர்றப்ப என் செருப்பை எடுத்துட்டு வா. மேல்தொட்டிகிட்ட ஏணியடியில விட்டேன். வெறுங்காலோட இழுத்துட்டு வந்துட்டாங்க, தரையெல்லாம் சுடுது.”

அவள் போனைக் கொடுத்துவிட்டு ஏணியடிக்கு ஓடினாள். செருப்பு அங்கேயே கிடந்தது, ஒன்று குப்புறக் கவிழ்ந்து. அண்ணன் அவளை முந்திப் போனான். என்ன தோன்றியதோ, “இரு, நான் எடுத்துத் தர்றேன். மாப்பிள்ளையை நேரா வீட்டுக்குக் கூட்டிட்டு வா” என்று குனிந்தான்.

“தொடாதே” என்றாள் தங்கை.